டிசம்பர் எப்போ அமைதியா இருந்துச்சு? காத்திருப்பின் கதை

இந்த வார எபிசோட் ஒரு மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது.

பெங்களூருல வேலை பாக்குற ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. "அண்ணா, டிசம்பர் வந்தாலே எனக்குப் பயமா இருக்கு. ஆபீஸ்ல இயர் எண்ட் ரிலீஸ். சர்ச்ல கரோல் பிராக்டிஸ். கேக் ஆர்டர், டிரஸ், சீக்ரெட் சான்டா, ஊருக்கு டிக்கெட். 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குப் போய் நிக்கும்போது, உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. எல்லாரும் சமாதானம், சமாதானம்னு பாடுறாங்க. எனக்கு அது எங்கே இருக்குன்னு தெரியல. அந்தக் காலத்துல எல்லாம் கிறிஸ்துமஸ் இப்படி இருந்திருக்காது இல்ல?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, சமாதானம் எங்கே இருக்கு? அதை எபிசோட் முடிவுல பாப்போம். இன்னொண்ணு வரலாற்றுக் கேள்வி. அந்தக் காலத்துல டிசம்பர் அமைதியா இருந்துச்சா?

நேரடியா பதில் சொல்லிடறேன். இல்லை. டிசம்பர் எப்பவுமே அமைதியா இருந்ததில்லை. ஆனா அந்த இரைச்சலுக்கு நடுவுல அமைதியா இருக்க ஒரு சின்ன இடத்தை, சில பேர் கையால செஞ்சாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

ரோமில் ஒரு டிசம்பர்

முதல்ல முதல் நூற்றாண்டு ரோமுக்குப் போவோம். கிறிஸ்துமஸ் என்ற பண்டிகையே அப்போது கிடையாது. ஆனால் டிசம்பர் 17-ல் தொடங்கும் சாட்டர்னாலியா இருந்தது. விருந்து, குடி, சூதாட்டம், ஒருவருக்கொருவர் பரிசு. எஜமானர்கள் அடிமைகளுக்கு விருந்து வைக்கும் தலைகீழ் விளையாட்டும் உண்டு.

செனெக்கா என்ற தத்துவ ஆசிரியர் அந்த ஊரில்தான் இருந்தார். தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், டிசம்பர் வந்துவிட்டது, ஊரே வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறது என்கிற மாதிரி அலுத்துக்கொள்கிறார். அதே கடிதத்தில் ஒரு யோசனையும் சொல்கிறார். சில நாள் எளிய சாப்பாடு, முரட்டுத் துணி என்று ஏழையைப் போல வாழ்ந்து பழகிப்பார் என்று. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனா கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷன் "டிசம்பர் தாங்க முடியலப்பா"ன்னு எழுதியிருக்காரு பாருங்க. அந்தத் தங்கச்சிக்கு இதுவே ஒரு ஆறுதல்னு நினைக்கிறேன்.

அப்புறம், பைபிள்ல லூக்கா சொல்ற கதையையே எடுத்துக்குங்க. குடில்ல நாம வைக்கிற பொம்மைகள் எல்லாம் அசையாம, அமைதியா நிக்கும். ஆனா கதை அப்படி இல்லை. ராயன் குடிமதிப்பு எழுதச் சொல்கிறான். அவனவன் தன் சொந்த ஊருக்குக் கிளம்புகிறான். அதாவது, ஊருக்குப் போற கூட்டம். பண்டிகைக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்கிறாள். தங்க இடமில்லை. குழந்தையைத் தீவனத் தொட்டியில் படுக்க வைக்கிறார்கள். முதல் கிறிஸ்துமஸே ஒரு நெரிசலுக்கு நடுவில்தான் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். இதை மனசுல வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வருவோம்.

பாதிப் போர்வையில் ஆரம்பித்த நோன்பு

டிசம்பர் 25 என்ற தேதி ரோமில் கொண்டாடப்பட்டதற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆதாரம் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 354-ஆம் ஆண்டின் ஒரு ரோமானிய நாட்காட்டித் தொகுப்பில் அது இருக்கிறது. பண்டிகை வந்தாச்சு. பண்டிகைக்குத் தயாராவது எப்படி? இதற்கான பதில் இன்றைய பிரான்சில் உருவாகிறது.

5-ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்தின் ஆயராக இருந்தவர் பெர்பெத்துவஸ். அவர் ஒரு ஒழுங்கு வைத்தார் என்று, அதே நகரத்தில் பின்னாளில் ஆயராக இருந்த வரலாற்றாசிரியர் கிரகோரி எழுதுகிறார். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு. 580-களின் தொடக்கத்தில் மாக்கோன் என்ற ஊரில் கூடிய ஆயர்கள் இதையே பொது விதியாக்கினார்கள். திங்கள், புதன், வெள்ளி நோன்பு.

நோன்பு ஏன் நவம்பர் 11-ல் ஆரம்பிக்கணும்? யார் இந்த மார்ட்டின்?

மார்ட்டின் ரோமப் படையில் இருந்தவர். கடும் குளிர்காலம். ஆமியான் நகர வாசலில் அரைகுறைத் துணியோடு ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். மார்ட்டினிடம் கொடுக்க வேறெதுவும் இல்லை. வாளை உருவி, தான் போர்த்தியிருந்த போர்வையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் கொடுக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் மிகப் பிரபலமானது இதுதான். பின்னாளில் அவர் தூர் நகர ஆயரானார்.

ஆக, கிறிஸ்துமஸுக்கு முந்தின நோன்புக் காலம், போர்வையைப் பாதியாக்கிக் கொடுத்தவரோட நாள்ல ஆரம்பிச்சுது. அறுவடை முடிஞ்சு, புது ஒயின் தயாராகி, வீட்டுல சாப்பாடு நிறைஞ்சு கிடக்கிற நேரம் அது. மார்ட்டின் நாள்ல நல்லா சாப்பிடுவாங்க. அப்புறம் நோன்பு. கையில எல்லாம் இருக்கும்போதுதான் "கொஞ்சம் பொறு"ன்னு அவங்க தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கிட்டாங்க. ஒண்ணுமே இல்லாதபோது பொறுத்திருக்கறதைப் பட்டினின்னுதான் சொல்லணும், நோன்புன்னு சொல்ல முடியாது.

காலப்போக்கில் மேற்கத்தியத் திருச்சபையில் இந்த நீண்ட காலம் நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. அதற்கு லத்தீனில் 'அட்வென்டுஸ்' என்று பெயர். வருகை என்று பொருள். நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் 'திருவருகைக் காலம்' என்பார்கள். குருவானவர் ஊதா உடை போடுவார், 'உன்னதங்களிலே' பாட்டு இருக்காது. சிஎஸ்ஐ, லூத்தரன் சபைகளில் 'அட்வென்ட் ஞாயிறு' என்பார்கள். கிழக்கத்தியத் திருச்சபைகளில் நோன்பு சுருங்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் மரபில் இன்றும் 40 நாள். பக்கத்துல கேரளாவுல சிரியன் கிறிஸ்தவர்கள் 'இருபத்தஞ்சு நோம்பு' என்று டிசம்பர் 1-லிருந்து மீன், இறைச்சி தொடாமல் இருப்பார்கள். உங்க ஆபீஸ்ல டிசம்பர் டீம் லஞ்ச்ல ஒரு மலையாளி ஃப்ரெண்ட் திடீர்னு வெஜ் சாப்பிட்டா, காரணம் இதுவா இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. உலகத்துலயே அதிகமா கடைகள் கூவுற அந்த நாலு வாரத்துலதான், திருச்சபையோட காலண்டர்ல மிகவும் அடக்கமான காலமும் வருது. கரோல் ரவுண்ட்ஸ், கேக், பார்ட்டி எல்லாத்தையும் நாம அட்வென்ட்லயே முடிச்சிடறோம். 26-ஆம் தேதி ஸ்டாரைக் கழட்டலாமான்னு யோசிக்கிறோம். ஆனா பழைய கணக்குப்படி கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதிதான் ஆரம்பிக்குது. அங்கேருந்து பன்னிரண்டு நாள் கொண்டாட்டம். பழைய வரிசையில முதல்ல காத்திருப்பு, அப்புறம் விழா. நம்ம வரிசை தலைகீழா ஆகிடுச்சு.

ஒரு வண்டிச் சக்கரம், 24 மெழுகுவத்தி

இப்போ பல நூற்றாண்டு தாண்டி, ஜெர்மனிக்குப் போவோம். ஹாம்பர்க் துறைமுக நகரம். தொழிற்புரட்சி காலம். வேலை தேடி வந்த கூட்டம் நகரத்தின் சந்துகளில் நெருக்கியடித்து வாழ்கிறது. குழந்தைகள் தெருவில் திரிகிறார்கள், திருடுகிறார்கள், பிடிபடுகிறார்கள்.

யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற இளம் இறையியலாளர் அந்தச் சந்துகளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். 1833-ல், 25 வயதில், ஹாம்பர்க்குக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் அந்தப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்குகிறார். 'ராவுஹெஸ் ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். அன்றைய சீர்திருத்த இல்லங்கள் பெரும்பாலும் சிறை மாதிரி இருந்தன. இவர் மதில் வேண்டாம், பூட்டு வேண்டாம் என்றார். பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அண்ணன் மாதிரி ஒருவர். பழைய தப்பு எதையும் பேசக்கூடாது, வாசலிலேயே மன்னிப்பு. அதுதான் விதி.

டிசம்பர் வந்தால் அந்தப் பிள்ளைகள் ஒரே கேள்வி கேட்பார்களாம். "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" திரும்பத் திரும்ப. அந்தக் கேள்வியோட கனம் நமக்குப் புரியணும். வீட்டுல கிறிஸ்துமஸையே பார்க்காத பசங்க. வாக்குக் கொடுத்து ஏமாத்தின பெரியவங்களை மட்டுமே பாத்தவங்க. "வரும்"னு சொன்னா எப்படி நம்புவாங்க?

விகெர்ன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பதிலைச் செய்தார். 1839-ல், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து மெழுகுவத்திகளைப் பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்தி. மற்ற நாட்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தி இருபது. சாயங்கால ஜெபத்தில் ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுதலாக ஏற்றப்படும்.

நான் காலண்டரைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாத்தேன். 1839-ல டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்குத்தான் அட்வென்ட் ஆரம்பம். 24-ஆம் தேதி வரை நாலு ஞாயிறு, இருபது வார நாள். கணக்கு அச்சா சரியா வருது.

கற்பனை பண்ணிப் பாருங்க. முதல் நாள் ஒரு சுடர், மிச்சமெல்லாம் இருட்டு. ஒரு வாரம் கழிச்சு, முகம் தெரியுது. கடைசி நாள் 24 சுடர், அறை முழுக்க வெளிச்சம். எண்ணத் தெரியாத பையனுக்கும் புரியும், வந்துட்டிருக்கு, இன்னும் கொஞ்சம்தான்னு.

இந்தச் சக்கரம்தான் பின்னாளில் பச்சை இலை சுற்றிய, நான்கு மெழுகுவத்தி மட்டும் உள்ள அட்வென்ட் வளையமாக ஆனது. முதலில் ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் வீடுகளுக்கு, 20-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆலயங்களுக்கு, அங்கிருந்து உலகம் முழுக்க. உங்க சர்ச்ல ஆல்டர் பக்கத்துல இருக்கிற அந்த வளையத்தோட தொடக்கம், தெருவுல திரிஞ்ச பசங்களுக்காகச் செஞ்ச ஒரு வண்டிச் சக்கரம்.

அதே ஜெர்மனியிலிருந்துதான் அட்வென்ட் காலண்டரும் வந்தது. கதவைத் திறந்தால் ஒரு சின்னப் படம். அப்புறம் படத்துக்குப் பதிலா சாக்லேட் வந்துச்சு. இப்போ மேக்கப், காபி, பொம்மைன்னு எதை வேணும்னாலும் வெச்சு விக்கிறாங்க. இதைத் திட்டறதுக்காகச் சொல்லல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஷாப்பிங் ஆப்பைத் திறந்தா அங்கேயும் ஒரு கவுன்ட்டவுன் ஓடும், "இன்னும் 2 மணி நேரம்தான்"னு. அது நம்மள ஓட வைக்குது. விகெர்னோட சக்கரமும் கவுன்ட்டவுன்தான். ஆனா அது உக்கார வைக்குது. ஒரு நாளைக்கு ஒரு சுடர், அவ்வளவுதான், அவசரப்பட்டு ரெண்டு ஏத்த முடியாது.

ஆற்றங்கரையில் ஒரு கிடார்

அமைதின்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற பாட்டு ஒண்ணு இருக்கு. 'ஸ்டில்ல நாக்ட்', ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்'. தமிழிலும் ஒவ்வொரு சபையிலும் பாடுவார்கள். பனி விழும் ஆஸ்திரிய கிராமம், ஆர்கனை எலி கடித்துவிட்டது, அதனால் பாதிரியார் அவசரமாக ஒரு பாட்டு எழுதினார். இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருப்பீங்க. எலிக் கதை பிற்காலத்துச் சரக்கு. உண்மைக் கதை இதைவிட நல்லா இருக்கும்.

பாட்டை எழுதியவர் யோசெஃப் மோர். ஆமாங்க, மோர்தான், ஆனா நாம குடிக்கிற மோர் இல்ல. 1792-ல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா பின்னல் வேலை செய்து பிழைத்தவர். அப்பா படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்பதால் குருவாவதற்கே தனி அனுமதி தேவைப்பட்டது. பேராலயத்தைச் சேர்ந்த ஒரு குருவானவர் ஆதரித்ததால் படித்தார்.

கவிதையை அவர் எழுதியது 1816-ல். அந்த வருஷத்தைப் பாருங்க. நெப்போலியன் போர்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. படைகள் வந்து போய், சால்ஸ்பர்க் கைமாறிக் கைமாறி, கடைசியில் அந்த ஆண்டு ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. முந்தின ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, 1816-ல் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. பயிர் அழுகியது. பல இடங்களில் பஞ்சம். இந்த நிலைமையில்தான் மலைப் பகுதியிலுள்ள மரியாஃபார் என்ற ஊரில், 23 வயது உதவிக் குருவானவர் ஒரு அமைதியான இரவைப் பற்றி எழுதுகிறார்.

அடுத்த ஆண்டு ஓபர்ன்டோர்ஃப் ஊருக்கு மாற்றல். சால்சாக் ஆற்றங்கரை. உப்புப் படகுகளை நம்பிப் பிழைக்கிற படகோட்டிகளின் ஊர். 1816-ல் புது எல்லை அந்த ஆற்றின் நடுவே போடப்பட்டது. அக்கரையில் இருந்த லௌஃபன் பவேரியாவுக்குப் போனது. இக்கரை ஆஸ்திரியாவுக்கு. ஒரே ஊராக இருந்தது இரண்டு நாடாகிவிட்டது.

1818 டிசம்பர் 24. மோர் தன் கவிதையை ஃப்ரான்ஸ் க்ரூபரிடம் கொடுக்கிறார். க்ரூபர் பக்கத்து ஊர் பள்ளிக்கூட வாத்தியார், நெசவாளி மகன், ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். இரண்டு குரல், கோரஸ், கிடார் இதற்கு ஏற்ற மாதிரி ஒரு மெட்டு வேண்டும் என்று கேட்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் மெட்டு ரெடி. அன்றிரவே புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் மோர் கிடார் வாசித்துக்கொண்டே பாட, க்ரூபரும் சேர்ந்து பாடினார். இதை 1854-ல் க்ரூபரே எழுதி வைத்திருக்கிறார். அதில் எலி இல்லை.

அப்புறம் பாட்டு எப்படிப் பரவுச்சு தெரியுமா? ஆர்கன் செய்கிற கார்ல் மௌராகர் என்பவர் அதைத் தன் ஊரான டிரோல் பகுதிக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்ட்ராஸர் என்ற குடும்பம். கையுறை விற்பவர்கள். லைப்ஸிக் நகரச் சந்தைக்குச் சரக்கு விற்கப் போன இடத்தில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். ரெய்னர் என்ற இன்னொரு பாடகர் குடும்பம் 1839-ல் அதை நியூயார்க்கில் பாடியது. விகெர்ன் சக்கரத்தில் மெழுகுவத்தி ஏற்றிய அதே வருஷம். ஆக, உலகத்தோட அமைதிப் பாட்டு, இரைச்சலான ஒரு சந்தை வழியாத்தான் நம்மகிட்ட வந்து சேந்துச்சு. அதனால சந்தையை ரொம்பவும் பழிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். மூலப் பாட்டில் ஆறு சரணம். இன்று பெரும்பாலும் மூன்றுதான் பாடுகிறோம். விட்டுப்போனவற்றில் நான்காவது சரணம் ஒன்று உண்டு. இயேசு உலகத்து மக்கள் எல்லாரையும் ஒரு சகோதரனாக அணைத்துக்கொள்வதைப் பற்றியது. போரும் பஞ்சமும் பார்த்த இளைஞன் எழுதிய வரி அது. தூங்குற குழந்தையைப் பற்றின சரணம் தங்கிடுச்சு. சண்டை போட்ட ஜனங்க ஒண்ணு சேர்றதைப் பற்றின சரணம் கழண்டுடுச்சு.

மோர் கடைசிவரை சின்ன ஊர்களிலேயே இருந்தார். வாக்ரைன் என்ற ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரப் பாடுபட்டார். 1848 டிசம்பர் 4-ல் ஏழையாகவே இறந்துபோனார். அட்வென்ட் முதல் ஞாயிறுக்கு மறுநாள். தன் பாட்டு உலகப் பாட்டாகும் என்று அவருக்குத் தெரியாது. பாட்டுக்கு மெட்டுப் போட்டது பெரிய இசைமேதை யாராவதாக இருக்கும் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். மோரின் கையெழுத்தில் உள்ள பிரதி 1995-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

பதுங்குகுழியில் சில மணி நேரம்

1914. முதல் உலகப் போர் ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் போப் 15-ஆம் பெனடிக்ட், கிறிஸ்துமஸுக்காவது போரை நிறுத்துங்கள் என்று கேட்கிறார். அரசுகள் கேட்கவில்லை.

ஆனால் 24-ஆம் தேதி இரவு, பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் சில இடங்களில் ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழி விளிம்பில் சின்ன மரங்களை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். பாடினார்கள், 'ஸ்டில்ல நாக்ட்' உட்பட. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் பாட்டு வந்தது. விடிந்ததும் சிலர் வெளியே வந்து கைகுலுக்கினார்கள். புகையிலை, பொத்தான் மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டு கர்வால் ரைஃபிள்ஸ் படையினர் இருந்த பகுதியிலும் இப்படி நடந்தது.

சினிமாவில் ஃபுட்பால் காட்டுவார்கள். ஆனால் அந்த வீரர்களின் கடிதங்களில் அடிக்கடி வருவது வேறு. நடுவில் வாரக்கணக்காகக் கிடந்த உடல்களை இரண்டு தரப்பும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். எல்லா இடத்திலும் இது நடக்கவில்லை. வேறு பகுதிகளில் அன்றும் துப்பாக்கி சுட்டது. சில நாளில் சண்டை திரும்பியது. அடுத்த ஆண்டு இப்படி நடக்கக் கூடாது என்று தளபதிகள் கண்டிப்பாகத் தடுத்தார்கள். போர் 1918 வரை ஓடியது. அந்த ஒரு ராத்திரி எதையும் தீத்து வைக்கல. ஆனா நடந்தது நடந்ததுதான்.

அமைதியா, சமாதானமா?

இப்போ அந்தத் தங்கச்சியோட முதல் கேள்விக்கு வருவோம்.

தமிழ்ல நமக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. அமைதி, சமாதானம். பழைய தமிழ் பைபிள்ல பெரும்பாலும் 'சமாதானம்'னுதான் இருக்கும். அதுக்குப் பின்னால இருக்கிற எபிரேயச் சொல் 'ஷாலோம்'. அதுக்கு வெறும் சத்தமில்லாத நிலைன்னு அர்த்தம் இல்லை. எதுவும் உடையாம, குறையில்லாம முழுசா இருக்கிறதுதான் ஷாலோம். நம்ம பேச்சு வழக்குல 'சமாதானம்' எப்போ வரும்? "அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆயிட்டாங்க." "அழுற குழந்தையைச் சமாதானப்படுத்து." கவனிச்சீங்களா? அமைதியா ஒருத்தர் தனியாவே இருந்துடலாம். ஆனா சமாதானம் ஆகணும்னா இன்னொரு ஆள் வேணும்.

இன்னைக்கு நாம பாத்த எல்லாக் கதையிலும் அந்த இன்னொரு ஆள் இருந்தார். மார்ட்டினுக்கு வாசல்ல குளிர்ல நின்னவர். விகெர்னுக்கு யாரையும் நம்பாத பசங்க. மோருக்கு ஆறு பிரிச்ச ஊரோட படகோட்டிகள். 1914-ல, எதிர்க்குழியில துப்பாக்கியோட இருந்தவன். இவங்க யாரும் இரைச்சல் அடங்கட்டும்னு காத்திருக்கல. இரைச்சல் அடங்கவும் இல்லை. ஒரு நோன்பு, ஒரு சுடர், ஒரு கிடார், இப்படிச் சின்னதா ஒண்ணைச் செஞ்சாங்க, இன்னொருத்தருக்கு இடம் விட்டாங்க.

நம்ம ஆளுங்க "மீ டைம்"னு சொல்றதை நான் குறை சொல்லல. தூக்கம் வேணும், ஓய்வு வேணும். கரோல் ரவுண்ட்ஸ்ல ரெண்டு நாள் போகலைன்னா குடி முழுகிடாது. ஆனா ஃபோனை ஆஃப் பண்ணிட்டு ரூம்ல உக்காந்தும் மனசு இரையுதுன்னா, அங்கே வேணும்கிறது அமைதி இல்லையோ, சமாதானமோன்னு ஒருதடவை கேட்டுப் பாக்கலாம்.

என் கதையையும் சொல்லிடறேன். போன டிசம்பர்ல நான் ஒரு மெழுகுவத்தி வாங்கி வெச்சு, தினம் ராத்திரி பத்து நிமிஷம் சும்மா உக்காரணும்னு முடிவு பண்ணேன். முதல் வாரம் ஒண்ணும் ஆகல. ஆபீஸ் வேலைதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. ரெண்டாவது வாரம், திரும்பத் திரும்ப ஒரே முகம் வந்துச்சு. வீட்டுச் சொத்து விஷயத்துல சண்டை போட்டு, மூணு வருஷமா பேசாம இருந்த என் அத்தை. 23-ஆம் தேதி ஃபோன் பண்ணேன். பெருசா ஒண்ணும் பேசல. "கலகலா போட்டாச்சா அத்தை?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இன்னும் மாவே பிசையலடா"ன்னாங்க. சொத்துப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா அந்த வருஷம் 24-ஆம் தேதி ராத்திரி நான் சர்ச்ல நின்னது வேற மாதிரி இருந்துச்சு.

லூக்கா எழுதின கதையில, மேய்ப்பர்கள் ஓடி வர்றாங்க, பாத்ததை எல்லார்கிட்டயும் சொல்றாங்க, கேட்டவங்க ஆச்சரியப்படறாங்க. ஒரே பரபரப்பு. அதுக்கு நடுவுல மரியாளைப் பற்றி மட்டும் லூக்கா வேற மாதிரி எழுதுறார். அவங்க எல்லாத்தையும் மனசுல வெச்சு யோசிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். தங்க இடமில்லை, சுத்திலும் மாட்டுத் தொழுவ வாசனை, யார் யாரோ வந்து போறாங்க. அந்த இடத்துலயும் அவங்களால அது முடிஞ்சுது.

தங்கச்சி, உங்க ரிலீஸ் நல்லபடியா முடியட்டும். டிக்கெட் கன்ஃபர்ம் ஆகட்டும். ஒரு மெழுகுவத்தி வாங்கி வைங்க. அந்த வெளிச்சத்துல யார் முகம் தெரியுதுன்னு பாருங்க.

அடுத்த வாரம் வேறொரு கதையோட சந்திப்போம்.